பல்பாதை மாடல் எஞ்சின்: பின்னோட்டத் தடுப்புக் கொக்கி தாமதமாகக் கடிக்கிறது, பினியன் துள்ளுகிறது

கேள்வி: குன்னூர்_45மிமீ

நம்ம நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகுப்பு எஞ்சினை 1:22.5 அளவில், 45 மி.மீ. தண்டவாளத்தில் செய்துகொண்டிருக்கிறேன். ஓடும் சக்கரம், பாடி எல்லாம் முடிந்துவிட்டது. சிக்கல் பல்பாதை (சரிவில் வழுக்காமல் ஏற, எஞ்சினின் பல்சக்கரம் கடித்து ஓடும் பல்பட்டை) பக்கம்தான். சரிவு அசலில் உள்ளதுபோலவே 12-க்கு 1. எஞ்சின் 4.5 கிலோ, மூன்று பெட்டியும் சேர்த்து 9 கிலோ. 12 வோல்ட் கியர் மோட்டார் (நேர்ப்பல் கியர்தான், வார்ம் என்ற திருகுக் கியர் இல்லை).

இப்போது இருப்பது இது. ஆப்ட் முறைப்படி இரண்டு பல்பட்டை, ஒன்றுக்கொன்று அரைப்பல் தள்ளி. மாட்யூல் (பல்லின் அளவு; பல்லுக்குப் பல் தூரமான பிட்ச் இதன் 3.14 மடங்கு) 1.75. அதற்கேற்ப 14 பல் பினியன் (பட்டையைக் கடிக்கும் சின்னப் பல்சக்கரம்) இரண்டு, 3 மி.மீ. தடிமன், ஈ.என்.8 ஸ்டீல், 7-ஆம் நம்பர் கட்டரில் வெட்டியது. 8 மி.மீ. ஷாஃப்ட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரப் ஸ்குரூ (தலையில்லாத இறுக்கு ஸ்குரூ). இரண்டுக்கும் இடையே 12.86 டிகிரி தள்ளிப் பூட்டியிருக்கிறேன். அதே ஷாஃப்ட்டில் 16 மி.மீ. விட்டம், 20 பல் ராட்செட் சக்கரம் (கொக்கி விழுந்தால் ஒரு பக்கம் மட்டுமே சுழலும் பல்சக்கரம்). கரண்ட் போனால் வண்டி பின்னால் உருளாமல் இருக்க நேர் எதிரெதிராக இரண்டு கொக்கி.

மூன்று கோளாறு. 1) கரண்ட்டை நிறுத்தினால் வண்டி ஏறக்குறைய 4 மி.மீ. பின்னால் வந்த பிறகுதான் 'டக்'கென்று பிடிக்கிறது. இரண்டு கொக்கி போட்டும் ஒன்று போட்ட மாதிரியே இருக்கிறது. 2) சில்வர் ஸ்டீல் கொக்கியைத் தண்ணீரில் தோய்த்து, இளம் வைக்கோல் நிறம் வரும்வரை டெம்பர் செய்தேன் (நொறுங்காமல் இருக்க மறுபடி மிதமாகச் சூடாக்கினேன்). இருபது தடவை பிடித்ததில் நுனி உதிர்ந்துவிட்டது. 3) ஏறும்போது பினியன் பல்லுக்குப் பல் துள்ளுகிறது, அதோடு ஒரு சுற்றுக்கு ஒரு இடத்தில் இறுகுகிறது.

எங்கே தப்பு?

---

பதில்: பழைய_லேத்

முதல் கேள்விக்கு விடை உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. 20 பல் இரட்டைப்படை. நேர் எதிரே என்றால் 180 டிகிரி, அதாவது சரியாக 10 பல். ஒரு கொக்கி பல்லில் விழும் அதே நொடியில் எதிரே இருப்பதும் விழும். இரண்டு கொக்கி போட்டதால் பலம் கூடியது, தூரம் குறையவே இல்லை.

14 பல் பினியனின் பிட்ச் சுற்றளவு 76.97 மி.மீ. அதை 20-ஆல் வகுத்தால் 3.85. பல்லுக்கு நடுவே இருக்கும் லூஸையும் சேர்த்தால் நீங்கள் அளந்த 4 மி.மீ. வந்துவிட்டது. கொக்கி தாமதிக்கவே இல்லை, அடுத்த பல் வரும்வரை காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்ய ஒரு கொக்கியை அரைப்பல் நகர்த்த வேண்டும். 20 பல்லுக்கு அரைப்பல் 9 டிகிரி. கொக்கி மாட்டி ஆடும் ஊசி சக்கரத்தின் மையத்திலிருந்து 14 மி.மீ. தூரத்தில் இருந்தால் 9 டிகிரி என்பது 2.2 மி.மீ. நகர்வு. ஊசி 2 மி.மீ. என்றால் பழைய ஓட்டைக்கும் புதிய ஓட்டைக்கும் நடுவே 0.2 மி.மீ. சுவர்தான் மிஞ்சும், டிரில் பழைய ஓட்டைக்குள் வழுக்கிப் போய்விடும். அதனால் அரைப்பல்லுக்குப் பதில் ஒன்றரைப் பல், 27 டிகிரி நகர்த்துங்கள். 6.6 மி.மீ. தள்ளிப் புது ஓட்டை. வேலை அதே வேலைதான். பின்னோட்டம் பாதியாகி 1.9 மி.மீ. ஆகும், லூஸ் தனி.

இது அவசரத்துக்கு. புதிதாக வெட்டுகிறீர்களென்றால் ஒற்றைப்படைக்குப் போங்கள், 21 பல். நேர் எதிரே ஊசி போட்டாலே 10.5 பல் வந்துவிடும், அரைப்பல் இனாம். டிவைடிங் ஹெட் (வெட்டும் சக்கரத்தைச் சம பங்காகத் திருப்பும் கருவி) 40-க்கு 1 என்றால் ஒரு பல்லுக்கு 1 முழுச் சுற்றும், 21 ஓட்டை வட்டத்தில் 19 இடைவெளியும். இடைவெளியைத்தான் எண்ண வேண்டும், ஓட்டையை அல்ல. செக்டார் கைகளுக்கு (ஓட்டைத் தட்டில் எண்ணிக்கையைக் குறித்துவைக்கும் இரண்டு கை) நடுவே 20 ஓட்டை தெரிந்தால்தான் 19 இடைவெளி. கடைசிப் பல் மட்டும் ஒல்லியாகவோ தடியாகவோ வந்தால் பத்தில் ஒன்பது தடவை இதுதான் காரணம்.

---

பதில்: வெலிங்டன்_மில்லிங்

அண்ணன் சொன்ன ஒற்றைப்படைத் தந்திரம் பினியனுக்கும் அப்படியே பொருந்தும். அங்கேதான் அதற்கு மவுசு அதிகம்.

14 பல்லைக் கழித்துவிட்டு 15 பல் வெட்டுங்கள். இரண்டு பினியனையும் ஒரே மாண்ட்ரலில் (தாங்கும் தண்டில்) ஒன்றாக அடுக்கி, ஒரே செட்டிங்கில், 8 மி.மீ. துளையும் சேர்த்து ரீமர் போட்டு முடியுங்கள். பிரிப்பதற்கு முன்பே இரண்டின் ஹப்பிலும் ஒரே நேர்கோட்டில் குறுக்குப் பின்னுக்கு 2 மி.மீ. ஓட்டை, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை. மாட்டும்போது ஒன்றை மட்டும் அரைச் சுற்று திருப்பிப் பின் அடியுங்கள். அரைச் சுற்று என்பது 7.5 பல். அரைப்பல் தள்ளல் தானாக வரும். 12.86 டிகிரியைக் கோணமானியில் பிடிப்பது, ஸ்குரூ இறுக்கும்போது அது நகர்வது எல்லாம் தீர்ந்தது. ஒன்றே ஒன்று: பின் ஓட்டை ஷாஃப்ட்டின் மையத்தை விட்டு விலகினால், திருப்பிப் போடும்போது அந்தத் தப்பு இரட்டிப்பாகும். வீ பிளாக்கில் வைத்து, சென்டர் டிரில் போட்டுத்தான் துளைக்க வேண்டும்.

உங்கள் மூன்றாவது கோளாறே அந்தக் கிரப் ஸ்குரூதான். சுற்றுக்கு ஒரு இடத்தில் இறுகுவது மையம் விலகியதற்கு அடையாளம். துளை 0.05 லூஸாக இருந்தால் ஸ்குரூ பினியனை ஒரு பக்கம் தள்ளிவிடும். டயல் கேஜில் பல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். 0.03-க்கு மேல் ஆடினால் ஓட்டத்தில் தெரியும்.

வெளிவிட்டம் வழக்கப்படி (15+2)×1.75 = 29.75. ஆனால் 20 டிகிரி பல்லில் 17-க்குக் கீழே போனால் அடிப்பல் அரிபடும். அதனால் பல்லை வெளியே தள்ளுங்கள்: (17-15)/17 = 0.118, அதை 1.75-ஆல் பெருக்கினால் 0.2 மி.மீ. வெளிவிட்டம் 30.15 ஆகட்டும், ஆழம் அதே 3.94. இதே 7-ஆம் நம்பர் கட்டர் போதும், அது 14 முதல் 16 பல்லுக்கானது. இப்படித் தள்ளியதால் பினியன் மையமும் பல்பட்டையின் பிட்ச் கோட்டிலிருந்து 13.13-க்குப் பதில் 13.33 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். இதை மறந்தால் பல் முட்டும். பலரும் பினியனைத் தள்ளி வெட்டிவிட்டு, ஆக்சில் உயரத்தைப் பழையபடியே விட்டுவிட்டு, கட்டரைத் திட்டுவார்கள்.

15 பல்லுக்கு ஒரு பல் என்றால் 2 முழுச் சுற்றும் 21 வட்டத்தில் 14 இடைவெளியும். ராட்செட்டுக்கும் இதே தட்டுதான், கழற்ற வேண்டாம்.

---

கேள்வி கேட்டவர்: குன்னூர்_45மிமீ

அசல் பல்பாதைக்கு ஆப்ட் முறையின் 120 மி.மீ. பிட்ச் என்று கணக்கிட்டால் 22.5-ல் 5.33 மி.மீ. வருகிறது. மாட்யூல் 1.7. அப்படி ஒரு கட்டர் கடையில் கிடையாது என்பதால்தான் 1.75 எடுத்தேன். அளவு மாறிய குற்றவுணர்வு இருக்கிறது. 1.5 போயிருக்கலாமோ? பட்டையும் வெட்ட வேண்டும், இன்னும் பாதி பாக்கி.

---

பதில்: பழைய_லேத்

1.75-லேயே இருங்கள். 3 சதவீதம் பெரிது, கண்ணுக்குத் தெரியாது. 1.5 போனால் பிட்ச் 4.71, அசலைவிட 12 சதவீதம் சின்னது, பல்லும் மெலியும். படம் எடுப்பவர்கள் வேண்டுமானால் கண்டுபிடிப்பார்கள்.

1.75 இரண்டாம் வரிசை மாட்யூல், எல்லாக் கடையிலும் இருக்காது. பினியனுக்குக் கட்டர் வாங்கியே ஆக வேண்டும், உங்களிடம் இருக்கிறது. பட்டைக்குக் கட்டரே வேண்டாம். பல்பட்டையின் பல் நேர்ச் சுவர்தான், வளைவே இல்லை. எச்.எஸ்.எஸ். துண்டில் 40 டிகிரி கோணம், நுனி அகலம் 1.16 மி.மீ. தீட்டி ஃபிளை கட்டராக (ஒற்றை முனைக் கட்டராக) மாட்டுங்கள். நுனியின் மூலைகளை எண்ணெய்க் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும்.

2.5 மி.மீ. பட்டையை எட்டுப் பத்து அடுக்கி வைஸில் பிடித்து ஒரே வெட்டு. டேபிளை 5.5 மி.மீ. வீதம் நகர்த்துங்கள். கணக்குக்கு 5.498, பல்லுக்கு 0.002 வித்தியாசம். பினியன் ஒரு நேரத்தில் ஒன்று அல்லது இரண்டு பல்லைத்தான் தொடும், அந்தப் பிழை எங்கும் சேராது. சேருவது ஸ்குரூ லூஸ்தான். எப்போதும் ஒரே திசையில் வந்து நிறுத்துங்கள். தாண்டிப் போனால் அரைச் சுற்று பின்வாங்கி மறுபடி வாருங்கள்.

பட்டை முடியும் இடம் பல் இடைவெளியின் நடுவில் இருக்கட்டும். இரண்டு பட்டையின் இணைப்பும் ஒரே இடத்தில் வரவே கூடாது. ஒன்று இணையும் இடத்தில் மற்றது முழுசாக இருக்கட்டும். இணைப்பைப் பொருத்தும்போது, மிச்சமான பட்டைத் துண்டு ஒன்றைத் தலைகீழாக இரண்டு பட்டை மேலும் கடிக்க வைத்துக் கிளாம்ப் போட்டுவிட்டுத்தான் ஸ்குரூ இறுக்க வேண்டும். அளவுகோல் அங்கே உதவாது.

---

பதில்: கோத்தகிரி_மெக்கானிக்

எதற்கு இவ்வளவு? மோட்டார் கியரை ஒற்றை வாய் வார்ம் 30-க்கு 1 ஆக மாற்றிவிட்டால் தானே பிடித்துக்கொள்ளும். ராட்செட்டும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம்.

---

பதில்: வெலிங்டன்_மில்லிங்

பிடிக்கும், ஆனால் அதைத் தடுப்பானாக நம்பக் கூடாது. வார்ம் அசையாமல் நிற்பது உராய்வினால். நல்ல எண்ணெய் விட்டு, தண்டவாளம் அதிரும்போது அது மெல்ல நழுவும். இன்னொன்று, கரண்ட் போனதும் வார்ம் அந்த இடத்திலேயே நிற்கும், 9 கிலோ வண்டியின் வேகம் முழுக்க வார்ம் சக்கரத்தின் ஒரே பல்லில் இறங்கும். பித்தளைப் பல் வழித்துப் போகும். வார்ம் வைத்தாலும் கொக்கி இருக்கட்டும்.

---

பதில்: தீட்டுக்கல்

கொக்கி நுனி உதிர்வதற்கு வருகிறேன். யாரும் விசையைக் கணக்குப் போடவில்லை.

12-க்கு 1 சரிவில் 9 கிலோ வண்டியைப் பின்னால் இழுப்பது வெறும் முக்கால் கிலோ. அதை நினைத்துத்தான் எல்லோரும் 'சின்னக் கொக்கி போதும்' என்கிறார்கள். ஆனால் 3.85 மி.மீ. உருண்டு வந்து, ஷாஃப்ட்டும் பல்லும் வளைந்து கொடுக்கும் 0.2 மி.மீ.க்குள் நிற்க வேண்டியிருக்கிறது. சராசரி விசை (3.85+0.2)/0.2, ஏறத்தாழ இருபது மடங்கு. முக்கால் கிலோ 15 கிலோ ஆகிவிட்டது. பினியன் ஆரம் 12.25, ராட்செட் ஆரம் 8, ஆகவே கொக்கி நுனியில் 23 கிலோ. உராய்வைக் கழித்தாலும் பெரிதுதான். அரைப்பல் தள்ளினால் இதுவும் ஏறக்குறைய பாதியாகும், 12 கிலோ. ஒரே மாற்றம் இரண்டு நோய்க்கும் மருந்து.

டெம்பர்: இளம் வைக்கோல் நிறம் 220-230 டிகிரி. அது கத்திக்கும் ஸ்கிரைபருக்கும் சரி, அடி வாங்கும் நுனிக்கு ஆகாது. பழுப்பு தாண்டி ஊதா தொடங்கும் 270 வரை போங்கள். சின்னத் துண்டைத் தீயில் நேராகக் காட்டினால் நிறம் கண் இமைப்பதற்குள் ஓடிவிடும். பழைய வாணலியில் இரண்டு விரல் மணல் போட்டு அடுப்பில் வைத்து, பளபளவென்று தேய்த்த கொக்கியை மணல்மேல் கிடத்துங்கள். நிறம் மெதுவாக, ஒரே சீராக வரும். ஊதா தெரிந்ததும் எடுத்து எண்ணெயில் போடுங்கள்.

கடினமாக்கும்போது காந்தம் ஒட்டாத சூட்டைத் தாண்டி ஒரு நிழல் கூடுதல் சிவப்பு போதும். வெயிலில் நின்று நிறம் பார்க்காதீர்கள், வெயிலில் மங்கலாகத் தெரிந்து அதிகம் காய்ச்சிவிடுவீர்கள். 3 மி.மீ. தடிமனுக்குத் தண்ணீரே வேண்டாம், எண்ணெய் போதும், விரிசலும் விழாது.

சக்கரம் கொக்கியைவிடக் கடினமாக இருக்கட்டும். தேய்வது கொக்கியாக இருந்தால் அரை மணி நேரத்தில் இன்னொன்று அராவிக்கொள்ளலாம், சக்கரம் போனால் மறுபடி டிவைடிங் ஹெட்.

இன்னொரு காரணமும் இருக்கலாம்: கொக்கி பல்லின் அடிவரை இறங்காமல் நுனியோடு நுனி தொட்டு நிற்பது. மார்க்கிங் நீலம் பூசி ஒரு தடவை பிடிக்க விட்டுப் பாருங்கள். நீலம் அழியும் இடம் கொக்கியின் ஓரத்தில் கோடாக இருந்தால் கோணம் தப்பு, முகம் முழுக்கப் பரவியிருந்தால் சரி.

---

பதில்: பழைய_லேத்

கோணம் பற்றி விட்டுப்போனதைச் சேர்த்துவிடுகிறேன். ராட்செட் பல்லின் நேர்முகத்தைச் சரியாக மையத்தை நோக்கி வெட்டாதீர்கள். 10 டிகிரி உள்ளே சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் சுமை ஏற ஏறக் கொக்கி உள்ளே இழுபடும். எண்ணெய் பட்ட ஸ்டீலுக்கு உராய்வுக் கோணம் 6 முதல் 8 டிகிரி, அதைத் தாண்டினால்தான் நம்பிக்கை. 60 டிகிரி ஒருபக்கக் கோணக் கட்டரை எடுத்து, அதன் செங்குத்து முகத்தை மையத்திலிருந்து 1.39 மி.மீ. தள்ளி வையுங்கள் (8-ஐ 10 டிகிரி சைனால் பெருக்கியது). எந்தப் பக்கம் தள்ளுவது என்று ஒரு துண்டில் இரண்டு பல் வெட்டிப் பார்த்துவிட்டு அசலைத் தொடுங்கள். மறுபக்கம் தள்ளினால் கொக்கியை வெளியே உதைக்கும் பல் கிடைக்கும்.

21 பல்லுக்கு 16 மி.மீ. சுற்றில் பல்லுக்கு 2.39 மி.மீ. இந்தக் கட்டரில் நுனியில் 0.2 சமதளம் மிஞ்சும் ஆழத்தோடு நிறுத்துங்கள். அதற்குமேல் போனால் பக்கத்துப் பல்லைத் தின்னும்.

ஊசி இருக்க வேண்டிய இடத்துக்கு நூல் சோதனை ஒன்று உண்டு. கொக்கி நுனி தொடும் இடத்தில் சக்கரத்துக்குத் தொடுகோடாக ஒரு தையல் நூலை இழுத்துப் பிடியுங்கள். ஊசி அந்த நூலின் மேலேயே இருக்க வேண்டும். 

---

கேள்வி கேட்டவர்: குன்னூர்_45மிமீ

நன்றி அண்ணா. நூல் பிடித்துப் பார்த்தேன், ஊசி 2 மி.மீ. வெளியே இருக்கிறது. அதனால்தான் நுனி ஓரத்தில் மட்டும் தொட்டிருக்கிறது.

ஒரு சந்தேகம். காலையில் முதல் ஓட்டத்தில் மட்டும் கொக்கி விழவே சில நேரம் தயங்குகிறது, பத்து நிமிடம் ஓடிய பிறகு சரியாகிவிடுகிறது. ஸ்பிரிங் கூடுதலாக இழுக்க வேண்டுமா?

---

பதில்: கோத்தகிரி_மெக்கானிக்

ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள், கிரீஸைத் துடைத்தெடுங்கள். குன்னூர்க் குளிரில் கிரீஸ் இறுகிக் கொக்கியைத் தூக்கியே பிடித்துக்கொள்ளும். ஊசியிலும் கொக்கியிலும் தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு, அவ்வளவுதான். ஸ்பிரிங்குக்குக் கிட்டாரின் மெல்லிய முதல் கம்பி, 0.25 மி.மீ., சரியாக இருக்கும். கனமான ஸ்பிரிங் போட்டால் ஏறும்போதெல்லாம் டக் டக் என்று சத்தமும் தேய்மானமும்தான் மிச்சம்.

மழை மாதங்களில் பல்பட்டையை அப்படியே விட்டால் ஒரே வாரத்தில் செம்மண் நிறம் ஏறிவிடும். ஓட்டம் முடிந்ததும் மெழுகுத் துணியால் ஒரு இழுப்பு. எண்ணெய் வேண்டாம், சவுக்கு ஊசியும் தேயிலைத் தூசும் ஒட்டிப் பல் அடியில் அடைத்துக்கொள்ளும், பிறகு பினியன் தூக்கிக்கொண்டு ஓடும்.

---

பதில்: வெலிங்டன்_மில்லிங்

பல்லுக்குப் பல் துள்ளுவது பாக்கி இருக்கிறது. உயரம் தாழ்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். சாதாரண ஜெராக்ஸ் தாள் 0.1 மி.மீ. அதை இரண்டாக மடித்துப் பினியனுக்கும் பட்டைக்கும் நடுவே விட்டு உருட்டுங்கள். தாள் கிழியாமல், பல் அச்சு மட்டும் பதிந்தால் உயரம் சரி. கிழிந்தால் ஆக்சில் பெட்டிக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள். அச்சே பதியவில்லை என்றால் பினியன் மேலே நிற்கிறது, பின்னோட்டம் அதிலேயே அரை மில்லி கூடும்.

சமதளத்திலிருந்து சரிவுக்கு ஏறும் இடத்தில் தனியாகச் சோதியுங்கள். அங்கே முன் சக்கரம் தூக்கும்போது பினியன் உயரம் மாறும். பல்பட்டையின் முதல் ஆறு பல்லை ஒரு முனையில் கீல் வைத்து, கீழே ஸ்பிரிங் கொடுத்து, பல் நுனிகளை முதல் பல்லிலிருந்து சிறுகச் சிறுக உயரும்படி அராவிவிடுங்கள். பினியன் பல்லோடு பல் முட்டினால் பட்டை கீழே அமுங்கி, அரைப்பல் தாண்டியதும் மேலே வந்து கடித்துக்கொள்ளும்.

அப்புறம், இறக்கத்தில் வரும்போது கொக்கியைத் தூக்கும் கைப்பிடி. சுமை இருக்கும்போது கொக்கி எழும்பாது, 10 டிகிரி சாய்வு அதற்காகத்தானே. மோட்டாரை ஒரு பல் தூரம் மேலே ஓட்டிவிட்டுத்தான் தூக்க வேண்டும். இரண்டு கொக்கியையும் ஒரே கேமில் கட்டுங்கள். தனித்தனி கைப்பிடி வைத்தால் ஒன்றை மறந்துவிட்டு இறக்கத்தில் மோட்டாரை ஓட்டுவீர்கள்.

---

கேள்வி கேட்டவர்: குன்னூர்_45மிமீ

15 பல், 21 பல், புது ஊசித் தட்டு, எல்லாம் மாட்டியாயிற்று. பின்னோட்டம் 2.2 மி.மீ. துள்ளல் இல்லை. பின் ஓட்டை மட்டும் 0.04 மையம் விலகியிருக்கிறது, திருப்பிப் போட்ட பினியன் டயலில் 0.08 காட்டுகிறது. ஓடும்போது கையில் தெரியவில்லை. அடுத்த ஷாஃப்ட்டில் வீ பிளாக்கோடு திருத்திக்கொள்கிறேன்.